குளிர்ந்த எஞ்சினை எழுப்புதல்: கார்புரேட்டர் வழியும் இன்ஜெக்‌ஷன் வழியும்

இரவெல்லாம் நின்ற வண்டியை மறுநாள் காலையில் முதன்முறையாக இயக்குவதைப் பொறியியலில் குளிர்த்தொடக்கம் என்பார்கள். பெயரில் குளிர் இருப்பதால் இது ஊட்டிக்கும் லடாக்கிற்கும் மட்டுமே உரிய விவகாரம் என்று தோன்றலாம். பெட்ரோல் எஞ்சினின் அளவுகோல் வேறு. அதன் கூலன்ட் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே அது தன் இயல்பு நிலைக்கு வருகிறது. அந்தக் கணக்கில் மார்கழி விடியலில் 21 டிகிரியில் நிற்கும் சென்னை ஸ்கூட்டரும் குளிர்ந்த எஞ்சின்தான், சித்திரை மாதத்து மதுரையில் 30 டிகிரியில் நிற்கும் காரும் குளிர்ந்த எஞ்சின்தான். ஊட்டியில் அந்தக் குளிர் ஓட்டுநரின் விரல்களுக்கும் தெரிகிறது, அவ்வளவே.

சிக்கலின் வேர் பெட்ரோலில் இருக்கிறது. திரவமாக இருக்கும்வரை பெட்ரோல் எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் தீப்பொறி பட்டுப் பற்றும். அந்தக் கலவையும் ஒரு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது, இரண்டும் மிச்சமில்லாமல் எரிந்து தீரும் விகிதம். இதைவிடப் பெட்ரோல் கூடியிருந்தால் அது கொழுத்த கலவை, குறைந்திருந்தால் மெலிந்த கலவை. பட்டறையில் இவற்றை ரிச், லீன் என்பார்கள். கொழுப்போ மெலிவோ எல்லை மீறினால் பிளக் எவ்வளவு பொறி விட்டாலும் பயனில்லை.

தண்ணீர் போல ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருளாகப் பெட்ரோல் இருந்திருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும். அது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டு. லேசான பகுதி ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதி ஆவியாக 200 டிகிரி வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் லேசான பகுதி மட்டுமே ஆவியாகிறது. மற்றதெல்லாம் துளியாகவே உள்ளே போய், குழாய்ச் சுவரிலும் வால்விலும் சிலிண்டர் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஊற்றிய பெட்ரோலில் கால் பங்குதான் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் பற்றக்கூடிய கலவை கிடைக்க நான்கு மடங்கு பெட்ரோல் ஊற்ற வேண்டும். 14.7க்கு ஒன்று என்ற விகிதம், ஏறக்குறைய மூன்றே முக்கால் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்று ஆகிவிடும். முக்கால் பங்கு பெட்ரோல், கால் பங்கை எரிப்பதற்காகவே வீணாகிறது.

கார்புரேட்டர் வண்டியானாலும் இன்ஜெக்‌ஷன் வண்டியானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. இரண்டுமே குளிரில் கூடுதல் பெட்ரோல் ஊற்றித்தான் எஞ்சினை எழுப்புகின்றன. எவ்வளவு ஊற்றுவது, அதைவிட முக்கியமாக எப்போது நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

பெட்ரோலுக்கு வெளியே இரண்டு இடையூறுகள் உண்டு. குளிரில் எஞ்சின் ஆயில் தேன்பாகு போலத் தடித்துவிடும். எஞ்சினைச் சுற்ற வேண்டிய ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேலை கூடிவிடும். அதே நேரத்தில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரியின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். வலு அதிகம் தேவைப்படும் நேரத்தில் வலு குறைகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றும் போதுமான சூடு ஏறாமல், இடுக்குகள் வழியே கசிந்துபோகும். கனடாவின் வின்னிபெக், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் வாகன நிறுத்துமிடங்களில் மின்செருகிகள் வரிசையாக இருப்பது இதனால்தான். இரவெல்லாம் மின்கம்பி மூலம் எஞ்சினுக்குள் சிறு ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். அந்தக் குளிரில் கலவை எப்படித் தயாராகிறது என்ற கேள்வியே இரண்டாம்பட்சம்.

கார்புரேட்டரின் முன்னோடி, காற்றைப் பெட்ரோலின் மேற்பரப்பில் தவழவிட்டு ஆவியை அள்ளிச் செல்லும் ஒரு பாத்திரம்தான். 1886இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டியில் பயன்படுத்தியது அவ்வகை. அதில் லேசான பகுதி முதலில் பறந்துபோக, கனமான கசடு அடியில் தங்கிவிடும். 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளிக்கும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகள் உலகம் ஓடியது அதன் வழிவந்த கருவிகளில்தான்.

கார்புரேட்டரின் தத்துவம் அழகானது. காற்று செல்லும் குழாயை நடுவில் இடுக்கிவிட்டால், அந்த இடுக்கில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஒரு சிறு துளை வழியாக உறிஞ்சி இழுக்கும். மின்சாரம் வேண்டாம், பம்பு அழுத்தம் வேண்டாம், காற்றின் ஓட்டமே வேலையைச் செய்துவிடும். ஆனால் இந்த உறிஞ்சல் காற்றின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. வண்டி நிற்கையில் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் ஓடும் எஞ்சினோடு ஒப்பிட்டால், ஸ்டார்ட்டர் சுற்றும் 200 சுற்று வேகத்தில் காற்றின் வேகம் கால் பங்கு. உறிஞ்சும் விசையோ பதினாறில் ஒரு பங்கு. எந்த நேரத்தில் எஞ்சினுக்கு நான்கு மடங்கு பெட்ரோல் வேண்டுமோ, அந்த நேரத்தில் கார்புரேட்டரால் ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்க முடிவதில்லை. இந்தக் கருவியின் அடிப்படைக் குறை இதுவே. அதன் மீது சேர்க்கப்பட்ட சோக்கும் பிற இணைப்புகளும் இந்தக் குறையை ஒட்டுப்போட வந்தவை.

அவற்றில் முதலாவது சோக். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மூச்சை நெரிப்பது என்று பொருள், வேலையும் அதுவே. கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு மூடிக்கொள்கிறது. எஞ்சின் உறிஞ்சுகிறது, காற்று வர வழியில்லை, ஆகவே உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கி, துளைகள் வழியாகப் பெட்ரோல் கொட்டுகிறது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் டேஷ்போர்டில் இருந்த குமிழை இழுத்தால் கம்பி வழியாக இந்தத் தகடு மூடும். எஞ்சின் பற்றிக்கொண்ட கணத்திலிருந்து குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். சீக்கிரம் தள்ளினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். தாமதித்தால் கரும்புகை, நனைந்த பிளக், பெட்ரோல் நாற்றம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கைப்பக்குவம் இருந்தது, அந்தப் பக்குவம் வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

இருசக்கர வண்டிகளில் சோக் என்று அழைக்கப்பட்டவற்றில் பலவும் உண்மையில் சோக் அல்ல. மிக்குனி வகைக் கார்புரேட்டர்களில் லிவரைத் தூக்கினால் காற்று அடைபடுவதில்லை. பெட்ரோலுக்கும் காற்றுக்கும் தனியே ஒரு சிறு வழி திறந்து, கொழுத்த கலவை குறுக்குவழியில் எஞ்சினுக்குப் போகிறது. இந்தக் குறுக்குவழி வேலை செய்ய உள்ளே உறிஞ்சல் வலுவாக இருக்க வேண்டும், அதற்கு ஆக்சிலேட்டர் மூடியிருக்க வேண்டும். லிவரைத் தூக்கிவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு கிக்கரை உதைத்தவர்களின் வண்டி கிளம்பாமல் போனதன் காரணம் இதுதான். ஜாவா, யெஸ்டி வண்டிகளில் இன்னும் எளிய ஏற்பாடு. கார்புரேட்டரின் மேலே உள்ள பித்தானை அழுத்தினால் மிதவை கீழே அமுங்கி, கிண்ணம் நிரம்பி வழியும். விரலில் பெட்ரோல் பட்டால் போதுமான அளவு வந்துவிட்டது என்று பொருள். சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட்டுக்கோ ஒரு சடங்கே இருந்தது. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லிவரை அழுத்தி, பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரே உதை. தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

கார்களில் கையால் இழுக்கும் குமிழுக்குப் பதிலாகத் தானியங்கிச் சோக்கும் வந்தது. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள்வில் ஒன்று குளிரில் இறுகித் தகட்டை மூடும். எக்ஸாஸ்ட் சூடோ, கூலன்ட்டின் சூடோ, மின்சாரச் சூடோ பட்டதும் தளர்ந்து திறக்கும். கூடவே படிக்கட்டு போன்ற ஒரு கேம், ஆக்சிலேட்டர் வால்வைச் சற்றே திறந்து வைத்து ஐடிலிங் வேகத்தை உயர்த்தும். கெட்டியான ஆயிலை இழுத்துச் சுற்ற அந்தக் கூடுதல் வேகம் தேவை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுருள்வில் அறிந்தது தன்னுடைய சூட்டை மட்டுமே. பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் சூடாகவே இருக்கும், சுருள்வில் அதற்குள் ஆறிப்போய்ச் சோக்கை மூடியிருக்கும். தேவையில்லாத நேரத்தில் பெட்ரோல் கொட்டும்.

கார்புரேட்டருக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. வண்டி பல வாரம் நின்றால் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலின் லேசான பகுதி காற்றுத் துளை வழியாகப் பறந்துவிடும். குளிரில் பற்ற உதவும் பகுதி அதுதான். மிஞ்சுவது பிசின் போலப் படிந்து நுண்துளைகளை அடைக்கும். ஈரப்பதம் மிகுந்த குளிர்காற்றில் மற்றொரு விந்தை நிகழும். ஆவியாகும் பெட்ரோல் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சுவதால், காற்று பத்துப் பதினைந்து டிகிரியில் இருந்தாலும் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பனிக்கட்டி படியலாம். கார்புரேட்டர் கொண்ட சிறு விமானங்களில் சூடான காற்றைத் திருப்பிவிடத் தனி லிவர் இன்றும் இருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் இந்த உறிஞ்சல் தத்துவத்தையே கைவிட்டது. பெட்ரோலைக் காற்று இழுக்க வேண்டியதில்லை, பம்பு தள்ளும். தொடக்கத்தில் அது முழுக்க இயந்திர வேலையாக இருந்தது. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் பாஷ் நிறுவனத்தின் பம்பு பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சியது. மின்னணு முறை பரவலாக விற்பனைக்கு வந்தது 1967இல், அமெரிக்காவுக்கு அனுப்பிய ஃபோக்ஸ்வேகன் 1600 கார்களில் பாஷ் பொருத்திய டி-ஜெட்ரானிக் மூலம். அந்தத் தலைமுறையில் குளிர்த்தொடக்கத்துக்கென்றே தனியாக ஓர் இன்ஜெக்டர் இருந்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காற்றறையில் அது பெட்ரோலைத் தெளிக்கும். எவ்வளவு நேரம் தெளிக்க வேண்டும் என்பதை வெப்பத்தாலும் நேரத்தாலும் இயங்கும் ஒரு சுவிட்ச் தீர்மானிக்கும். சில விநாடிகளுக்கு மேல் அது திறந்திருக்காது. சோக்குக்கு இல்லாத கட்டுப்பாடு, நிறுத்தும் அறிவு, முதன்முதலில் இங்கேதான் நுழைகிறது.

இப்போதைய வண்டிகளில் தனி இன்ஜெக்டர் கிடையாது. வழக்கமான இன்ஜெக்டர்களே இந்த வேலையையும் செய்கின்றன. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து ஓரிரு விநாடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்பு குழாயில் அழுத்தத்தை ஏற்றும் ஓசை. கார்களில் இந்த அழுத்தம் பொதுவாக மூன்று பார் அளவில் இருக்கும். எஞ்சின் 200 சுற்றில் சுற்றினாலும் 6,000 சுற்றில் சுற்றினாலும் இந்த அழுத்தம் மாறுவதில்லை. கார்புரேட்டரை முடக்கிய அந்தப் பதினாறில் ஒரு பங்கு கணக்கு இங்கே எழவே இல்லை.

அடுத்து ஈ.சி.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினின் சூட்டைக் கேட்கிறது. கூலன்ட்டில் நனைந்திருக்கும் சிறு சென்சார் ஒன்று, சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். பாஷ் வகைச் சென்சார் ஒன்றில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு. காற்றால் குளிரும் பைக்குகளில் ஆயிலின் சூட்டையோ சிலிண்டர் தலையின் சூட்டையோ சென்சார் அளக்கும். அந்த எண்ணை வைத்து, நினைவகத்தில் உள்ள அட்டவணையிலிருந்து இன்ஜெக்டர் எத்தனை மில்லிவிநாடி திறக்க வேண்டும் என்பது எடுக்கப்படுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஓர் அளவு, எஞ்சின் பற்றிய உடனே குறையத் தொடங்கும் இன்னோர் அளவு, அதன்பின் கூலன்ட் சூடேறும்வரை மெல்லத் தேயும் மூன்றாவது அளவு என்று கூடுதல் பெட்ரோல் படிப்படியாக இறங்குகிறது. சோக் குமிழை அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளிய பழைய ஓட்டுநரின் கை செய்ததும் இதே இறக்கம்தான். காதும் அனுபவமும் செய்ததை இங்கே ஓம் கணக்கு செய்கிறது.

இதில் சிக்கலான பகுதி குழாய்ச் சுவரில் ஒட்டும் பெட்ரோல். பெரும்பாலான கார்களில் இன்ஜெக்டர் பெட்ரோலை உள்வால்வின் முதுகில் பீய்ச்சுகிறது. சூடான வால்வில் பட்டால் தோசைக்கல்லில் தெளித்த நீர் போல நொடியில் ஆவியாகும். குளிர்ந்த வால்வில் பட்டால் படலமாகத் தேங்கும். இந்தச் சுழற்சியில் பீய்ச்சியதில் ஒரு பகுதி அடுத்த சுழற்சியில்தான் உள்ளே போகும், முந்திய சுழற்சியில் தேங்கியது இப்போது வந்து சேரும். வங்கிக் கணக்கில் வரவும் செலவும் பார்ப்பதுபோல் இந்தப் படலத்தின் இருப்பைக் கணினி ஒவ்வொரு சுழற்சிக்கும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தச் சென்சாரும் அந்தப் படலத்தை நேரடியாக அளப்பதில்லை. ஆய்வகத்தில் பல குளிர்நிலைகளில் எஞ்சினை ஓட்டிப் பார்த்து எழுதிய சூத்திரத்தின் துணையோடு போடும் கணக்கு அது. இன்ஜெக்‌ஷன் யூகத்தையே ஒழித்துவிட்டது என்று சொல்வது மிகை. யூகத்தை ஓட்டுநரின் கையிலிருந்து பொறியாளரின் மேசைக்கு மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

காற்றின் பங்கும் கவனிக்கத் தக்கது. சோக் காற்றை அடைத்துக் கலவையைக் கொழுக்க வைக்கும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் குளிரில் காற்றைக் கூடுதலாகத் திறந்துவிடும், பிறகு அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும். காலையில் வண்டி எடுத்ததும் ஐடிலிங் வேகம் 1,200, 1,300 என்று உயர்ந்து சில நிமிடங்களில் தணிவது இதனால்தான். ராயல் என்ஃபீல்டின் தொடக்ககால 500 சிசி இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் சோக் போலவே ஒரு லிவர் கைப்பிடியில் இருந்தது. பழைய புல்லட்காரர்கள் அதைச் சோக் என்றே அழைத்தார்கள். உண்மையில் அது காற்றுக்குக் கூடுதல் வழி திறக்கும் லிவர். தோற்றம் சோக், செயலோ அதற்கு நேர்மாறு.

மலைப்பாதையில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். காற்று மெலிந்துவிட்டது என்பது கார்புரேட்டருக்குச் சரிவரத் தெரியாது. சமவெளிக்குத் திருத்திய ஜெட் எனும் பெட்ரோல் துளை அங்கே வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். குளிருக்காகக் கூட்ட வேண்டும், உயரத்துக்காகக் குறைக்க வேண்டும் என்ற இரண்டு எதிரெதிர்த் தேவைகளை ஒரு சோக் லிவரால் தீர்க்க முடியாது. மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடிய வண்டி குன்னூரைத் தாண்டியதும் புகைவது வழக்கமாக இருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்த சென்சார் காற்றின் அடர்த்தியைச் சொல்லிவிடுவதால் இரண்டு கணக்கும் தனித்தனியே நடக்கின்றன.

உலகம் கார்புரேட்டரைக் கைவிட்டதற்கு ஓட்டுநரின் வசதி காரணமில்லை, புகைதான் காரணம். எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினால்தான் வேலை செய்யும். வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் கலவையைத் திருத்தும் லாம்ப்டா சென்சாரும் சூடேறினால்தான் வாய் திறக்கும். எனவே முதல் ஓரிரு நிமிடங்களில் எஞ்சின் அதிகப் பெட்ரோலைக் குடிக்கிறது, அதே நிமிடங்களில் புகையைச் சுத்தம் செய்ய ஆளில்லை. ஒரு பயணத்தில் வெளியேறும் எரியாத ஹைட்ரோகார்பனில் பெரும்பகுதி இந்தச் சில நிமிடங்களில்தான் வெளியேறுகிறது. ஐரோப்பியச் சோதனை விதிகளில் மைனஸ் 7 டிகிரியில் தனியாக ஒரு சோதனை வைத்திருப்பது இதைக் கருதித்தான்.

ஆகவே இன்றைய எஞ்சின் கூடுதல் பெட்ரோலை மிகக் கஞ்சத்தனமாகவே ஊற்றுகிறது. பற்றிக்கொண்ட அடுத்த கணமே கலவையை மெலிய வைக்கப் பார்க்கிறது. கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க ஒரு தந்திரமும் செய்கிறது. தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தினால் எரிதல் பிஸ்டனுக்குப் பயன்படாமல் பின்னுக்குத் தள்ளிப்போகும், எக்ஸாஸ்ட் வழியே கூடுதல் சூடு வெளியேறும். காலை நேரத்தில் சில கார்கள் முதல் அரை நிமிடம் கரகரப்பாக ஓடுவதைக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கு ஓடுபவர்கள் உண்டு. அது கன்வெர்ட்டருக்குக் குளிர்காயும் நேரம். டொயோட்டா பிரியஸ் காரின் இரண்டாம் தலைமுறையில், அமெரிக்காவில் விற்ற வண்டிகளில், சூடான கூலன்ட்டைச் சேமித்து வைக்க ஒரு தெர்மாஸ் குடுவையே இருந்தது. மறுநாள் காலை அந்த நீரைச் சிலிண்டர் தலைக்கு அனுப்பிக் குளிர்த்தொடக்கத்தையே அரைக் குளிராக ஆக்கினார்கள்.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும் இன்றைய முறை இன்னொரு படி. அதில் அழுத்தம் 200 பார், சிலவற்றில் 350 பார் வரை போகும். துளி அவ்வளவுக்கு நுண்ணியதாவதால் குளிரிலும் விரைவில் ஆவியாகும், வால்வு முதுகுப் படலமும் இல்லை. ஆனாலும் பீய்ச்சல் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் படும் ஆபத்து அங்கே உண்டு.

இந்தியாவில் இந்த மாற்றம் இரண்டு அலைகளாக வந்தது. உச்சநீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2000 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் இரண்டாம் நிலைப் புகை விதிகள் வந்தபோது கார்கள் மாறின. மாருதி கார்களின் பின்புறத்தில் பலமுனை இன்ஜெக்‌ஷனைக் குறிக்கும் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள் பெருமையாக ஒட்டப்பட்ட காலம் அது. பைக்குகளில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் இன்ஜெக்‌ஷனோடு வந்தது, விலையால் அந்த முறை பரவவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி கட்டாயமானதும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டுக்குக்கூட இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மளிகை மூட்டையும் காய்கறிக் கூடையும் சுமக்கும் வண்டிக்குள் கணினி ஏறியது பொறியியல் வரலாற்றில் சிறிய செய்தி அல்ல. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து கார்புரேட்டர் செய்துவந்த யூகல் போன்ற நிறுவனங்களும் இந்த மாற்றத்தோடு தங்கள் தொழிலை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கார்புரேட்டரின் பக்கம் நிற்கும் நியாயங்களும் உள்ளன. பேட்டரி செத்துப்போன பழைய பைக்கைக் கிக்கரால் எழுப்பலாம், சரிவில் தள்ளியும் எழுப்பலாம். எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவே பொறிக்கு மின்சாரம் கொடுத்துவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்பும் கணினியும் இன்ஜெக்டரும் மின்சாரம் கேட்கும். பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் பெரும்பாலான வண்டிகளைத் தள்ளினாலும் பயனில்லை. கூலன்ட் சென்சார் பொய் சொல்லத் தொடங்கினால் வேடிக்கை இன்னும் கூடும். இணைப்பு அறுந்த சென்சார் முடிவில்லாத மின்தடையைக் காட்டும். கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டால் நண்பகல் வெயிலிலும் பெட்ரோலைக் கொட்டும். பல வண்டிகளில் இதைக் கண்டுபிடித்து மாற்று எண்ணை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, எஞ்சின் விளக்கும் எரியும். ஆனால் சென்சார் முழுக்கச் சாகாமல் பத்து இருபது டிகிரி மட்டும் தவறிச் சொன்னால் எந்த விளக்கும் எரியாது. காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டிகளில் இந்தக் குற்றவாளி அடிக்கடி அகப்படும்.

ஆயில் விஷயத்தில் இன்ஜெக்‌ஷனால் எந்த உதவியும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் டைம்லர்-பென்ஸ் டி.பி. 601 விமான எஞ்சின்கள் பெட்ரோலை நேராகச் சிலிண்டரில் பீய்ச்சும் உயர்ந்த வகை. 1941-42 ரஷ்யக் குளிர்காலத்தில் அவையும் கிளம்ப மறுத்தன. எஞ்சினை நிறுத்துமுன் ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்து இளக்கிவைக்கும் ரஷ்யர்களின் முறை அவர்களுக்கும் கைகொடுத்தது. எஞ்சின் சூடேறியதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் பழைய பதத்துக்குத் திரும்பும்.

எத்தனால் இந்தக் கதைக்குப் புதிய அத்தியாயம் சேர்த்திருக்கிறது. எத்தனாலில் பெட்ரோல் போல லேசான பகுதி என்று எதுவும் இல்லை. மொத்தமும் 78 டிகிரியில் கொதிக்கும். ஆவியாக அது எடுத்துக்கொள்ளும் சூடும் பெட்ரோலைப் போல இரு மடங்குக்கு மேல். ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே தனி எத்தனாலில் எஞ்சின் எழுவது கடினம். பிரேசில் 1979இல் எத்தனால் கார்களை விற்கத் தொடங்கியபோது, முன்புறம் ஒரு சிறு பெட்ரோல் டேங்கையும் வைத்தது. குளிர்காலக் காலையில் முதல் சில விநாடிகள் அந்தப் பெட்ரோலில்தான் எஞ்சின் பற்றும். 2009இல் ஃபோக்ஸ்வேகன் போலோவில் வந்த பாஷ் ஏற்பாடு, எத்தனாலையே சூடாக்கி இன்ஜெக்டருக்கு அனுப்பி அந்தச் சிறு டேங்கைத் தேவையற்றதாக்கியது. இந்தியாவின் ஈ20 பெட்ரோலில் ஐந்தில் நான்கு பங்கு பெட்ரோல்தான், ஆகவே அவ்வளவு இடர் இல்லை. ஆனால் அதற்கு முழுதாக எரியக் காற்று சற்றுக் குறைவாகவே போதும். லாம்ப்டா சென்சார் உள்ள வண்டி இதை அறிந்து திருத்தம் செய்து, அந்தத் திருத்தத்தை நினைவிலும் வைத்துக்கொண்டு மறுநாள் காலைக்குப் பயன்படுத்தும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரிய வழியில்லை. ஜெட்டின் அளவு மாறாததால் கலவை மெலிந்து, குளிரில் எழுவதற்குச் சோக்கைச் சற்று நீடித்துப் பிடிக்க வேண்டிவரும்.

கார்புரேட்டர் காலத்துப் பழக்கங்கள் வண்டி மாறிய பிறகும் கையிலும் காலிலும் தங்கிவிட்டன. ஸ்டார்ட் செய்யுமுன் ஆக்சிலேட்டரை நான்கு முறை மிதிப்பது கார்புரேட்டரில் பயன் தந்தது, மிதிக்க மிதிக்க ஒரு சிறு பம்பு பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷன் காரில் அந்த மிதியால் ஒரு துளியும் வராது. முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பல கார்களில் இன்ஜெக்டர்கள் அடைத்தே கொள்ளும், ஏனென்றால் எஞ்சினில் பெட்ரோல் தேங்கிவிட்டது, காற்றை விட்டு உலர்த்தச் சொல்கிறார்கள் என்று கணினி அதைப் பொருள்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடாக்குவதும் வேண்டாத வேலை. அந்த நேரமெல்லாம் கொழுத்த கலவை சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவி, ஆயிலோடு கலந்துகொண்டிருக்கும். சாவியைத் திருப்பி, டேங்கின் ரீங்காரம் அடங்கும்வரை பொறுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் கழித்து முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு விரட்டாமல் ஓட்டினால் போதும்.